மலையள் முட்டுற இலங்கைப் படம்: வன்னிப் பக்கம் மட்டும் கை வழுக்கிக்கொண்டு போகுது

கிளிநொச்சி ரவுணில ஏ9 ரோட்டோரமா இருக்கிற ஒரு புத்தகக் கடையில வாசலுக்கு நேர மேல ஒரு இலங்கைப் படம் தொங்குது, அந்தப் பக்கம் போறாக்கள் கனபேர் பாத்திருப்பியள். வழமையான தட்டைப் படம் இல்லை, பிளாஸ்ரிக் ஷீற்றை அச்சில வச்சுச் சூடாக்கி இழுத்து, மலையள் எல்லாம் வெளிய தள்ளிக்கொண்டு நிக்கிற மாதிரிச் செய்த படம். ஒன்பது மாகாணமும் ஒன்பது கலர், ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓரத்தில ஒரு பெட்டி, அந்த மாகாணத்தில உயர்ந்த மலை எது, எத்தினை மீற்றர் எண்டு. கூடவே லமினேற் பண்ணின தாள் ஒண்டும் தருவினம், அதில வெளிநாடுகளின்ர மாகாணம், மாநிலம், கன்ரன் (சுவிஸில மாகாணத்துக்குச் சொல்லுற பேர்) எண்டு பிரிச்சு அங்கத்தை உயர்ந்த மலையளின்ர பட்டியல். ரெண்டும் சேத்து 3200 ரூபா. செய்தவை ஆர் எண்டு எங்கயும் அடிக்கேல்ல, கடைக்காரத் தம்பியும் கொழும்பில இருந்து வாற சாமான் அக்கா எண்டதோட நிப்பாட்டிட்டார்.

நான் முள்ளியவளையில ஓஎல் பிள்ளையளுக்கு புவியியல் ரியூசன் குடுக்கிறனான். அதால இதை வீட்டுச் சுவருக்கு அழகு பாக்கிற ஆளா இல்லாமல், படிப்பிக்கிற ஆளாத்தான் பாத்து எழுதுறன். ஒரு தவணை முழுக்கப் பிள்ளையளின்ர கையில குடுத்துப் பாத்திட்டுத்தான் எழுதுறன், வாங்கின சூட்டோட எழுதுற விமர்சனம் இல்லை இது.

முதல்ல கொண்டு வாற பாட்டைச் சொல்லோணும். இது சுருட்டேலாத படம், சுருட்டினா மலையள் எல்லாம் சப்பளிஞ்சிடும், அதால கடையில ரெண்டு பக்கமும் காட்போட் மட்டை வச்சு சணல் கயித்தால கட்டித் தருவினம். கட்டினது நல்லாத்தான் கட்டினவை, ஆனா பரந்தனில மாறி புதுக்குடியிருப்பால வாற பஸ்ஸில பின்னேரம் என்ன சனம் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஒரு ஐயா தன்ர உரப்பையை மெல்ல அதில சாய்ச்சு வச்சிட்டார், வீட்ட வந்து பிரிச்சுப் பாத்தா நுவரெலியாப் பக்கம் உள்ள போய்க் கிடக்கு. நல்ல காலம் இது உள்ள வெறும் கோறை, பின்பக்கத்தால கரண்டிக் காம்பை விட்டு மெல்லத் தள்ள பழையபடி வெளிய வந்திட்டு, ஆனா உச்சியில வெள்ளையா ஒரு மடிப்புக் கோடு விழுந்திட்டுது. பிள்ளையளுக்கு அது இன்னும் வசதியாப் போச்சு, பீதுருதாலகால எங்க எண்டு கேட்டா கண்ணை மூடிக்கொண்டும் அந்தக் கோட்டில விரலை வைக்கினம்.

இதின்ர பெரிய பலமே அந்தத் தடவிப் பாக்கிறதுதான். எங்கட பக்கத்துப் பிள்ளையளுக்கு உயரமான இடத்தில ஏறுறது எண்டா குளக்கட்டில ஏறுறது, முத்தையன்கட்டுக் கட்டிலயோ இரணைமடுக் கட்டிலயோ நிண்டு கீழ வயலைப் பாத்தா அதுதான் அவைக்கு உயரம். ஒரே உயரத்தில இருக்கிற இடங்களை இணைச்சுக் கீறுற சமவுயரக் கோட்டுப் படத்தைக் குடுத்து கோடுகள் நெருக்கமா இருந்தா செங்குத்து, ஐதா இருந்தா மெதுவான சாய்வு எண்டு எத்தினை தரம் சொன்னாலும் தலையாட்டுவினம், பரீட்சையில மாறி எழுதுவினம். இந்தப் படத்தில தெற்குப் பக்கத்தால, பலாங்கொடைப் பக்கம் இருந்து விரலை மேல கொண்டு போகச் சொன்னா சடாரெண்டு சுவர் மாதிரி முட்டும், வடக்கால மாத்தளைப் பக்கம் இருந்து கொண்டு போனா படிப்படியா ஏறும். அதுக்குப் பிறகு கோட்டுப் படத்தைக் குடுத்தன், மாறி எழுதுறது நல்லாக் குறைஞ்சிட்டுது. அதுக்காகவே 3200 குடுக்கலாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

ஆனா படிப்பிக்கிறாக்கள் ஒண்டைக் கட்டாயம் பிள்ளையளுக்குச் சொல்லிப்போடோணும், இந்தப் படத்தில மலையின்ர உயரம் உண்மையான அளவுத்திட்டத்தில இல்லை. ஸ்கேல் வச்சு அளந்து பாத்தன், பருத்தித்துறையில இருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் 54 சென்ரிமீற்றர் வருது. நாடு வடக்குத் தெற்கா 432 கிலோமீற்றர், அப்ப 1 சென்ரிமீற்றர் 8 கிலோமீற்றர். பீதுருதாலகால 2524 மீற்றர், அந்தக் கணக்குக்கு அது 3 மில்லிமீற்றரும் கொஞ்சமும்தான் தள்ளிக்கொண்டு நிக்கோணும். படத்தில 2 சென்ரிமீற்றர் நிக்குது, ஆறு மடங்குக்கு மேல ஏத்தி வச்சிருக்கினம். பிழை எண்டு சொல்லேல்ல, இப்பிடி ஏத்தாட்டி கைக்கு ஒண்டும் முட்டாது, இந்த மாதிரிப் படம் எல்லாத்திலயும் செய்யிறதுதான், ஆனா எத்தினை மடங்கு எண்டு ஒரு மூலையில அடிச்சு விட்டிருக்கோணும். இல்லாட்டி பிள்ளையள் நுவரெலியா ஏதோ வானத்தில குத்திக்கொண்டு நிக்குது எண்டு நினைச்சுக்கொண்டிருக்குங்கள். தீவு மொத்தத்தையும் ஒரு மேசையில வச்சா உண்மையில அது கிட்டத்தட்டத் தட்டைதான், இதைக் கணக்குப் போட்டுக் காட்டினபோது வகுப்பு ஒரு நிமிசம் கப்சிப்.

இனி பெட்டியளுக்கு வருவம். மத்திய மாகாணத்துக்கு பீதுருதாலகால 2524 மீற்றர், சரி. அது மாகாணத்தில மட்டும் இல்லை, நாட்டிலயே உயர்ந்தது, நுவரெலியா ரவுணுக்கு மேலயே நிக்குது. ஆனா போறதெண்டா நடந்து ஏற விடுறேல்ல, உச்சியில ரூபவாஹினியின்ர ஒளிபரப்புக் கோபுரம், அதோட அது பாதுகாப்பு வலயம். அப்ப நடந்து ஏறிக் கால் வைக்கக்கூடிய உயர்ந்த மலை எது எண்டு பாத்தா ஹோட்டன் சமவெளியில நிக்கிற கிரிகல்பொத்த, 2388 மீற்றர், நாட்டில ரெண்டாவது, பூங்கா வாசலில இருந்து ஒரு வழி 7 கிலோமீற்றர் மட்டில நடக்கோணும். இந்த விசயம் பெட்டியில இல்லை. அதைவிட விசித்திரம், மூண்டாவதா நிக்கிற தொட்டுபொலகந்தவுக்கு, 2357 மீற்றர், பேர் அடிச்சிருக்கு, ரெண்டாவதுக்கு அடிக்கேல்ல. ஆரோ பட்டியலைப் பாத்து அடிக்கேக்க ஒரு வரி தாவிட்டினம் போல.

சப்ரகமுவவுக்கு சிவனொளிபாதமலை, 2243 மீற்றர். இதில ஒரு நல்ல வேலை செய்திருக்கினம், மலை மத்திய மாகாணத்துக்கும் சப்ரகமுவவுக்கும் எல்லையில நிக்கிறதால ரெண்டு கலரும் அந்தக் கூம்பில பாதி பாதியா ஏறி உச்சியில சந்திக்குது. ஒரு பக்கம் அற்றன், நல்லதண்ணிப் பாதை, மற்றப் பக்கம் இரத்தினபுரிப் பாதை எண்டு அதிலயே விரல் வச்சுக் காட்டலாம். மார்கழிப் போயாவில இருந்து வைகாசிப் போயா வரைக்கும் ஏறுற காலம், எங்கட ஊரிலயும் வான் பிடிச்சுப் போறவை இருக்கினம், அதால பிள்ளையளுக்கு ஆகத் தெரிஞ்ச மலை இதுதான். தெரிஞ்சதாலயே ஒரு கரைச்சல், இதுதான் நாட்டில உயர்ந்தது எண்டு அரைவாசிப் பேர் சத்தியம் பண்ணுங்கள். தனியாக் கூம்பா நிக்கிறதால கண்ணுக்கு அப்பிடித் தெரியுது, மற்றதுகள் ஏற்கெனவே உயர்ந்த மேட்டு நிலத்துக்கு மேல நிக்கிறதால உயரம் மறைஞ்சு போகுது. படத்தில ரெண்டையும் மாறி மாறித் தடவினா அந்த வித்தியாசம் உடன விளங்கும், நான் விளங்கப்படுத்தவே தேவையில்லாமல் போச்சு.

நக்கிள்ஸ் மலைத்தொடரை மட்டும் கெடுத்துப்போட்டினம். கையைப் பொத்திப் பிடிச்சா மொளி மொளியா நிக்குமே, அதைப் பாத்து வெள்ளைக்காரன் வச்ச பேர் அது, அதில உயர்ந்த கொம்பனிய 1906 மீற்றர். பிள்ளையளிட்டைக் கையைப் பொத்தச் சொல்லி, இப்ப படத்தில தடவுங்கோ எண்டு சொல்லலாம் எண்டு ஆசையோட போனன், அங்க ஒரு மொழுக்கட்டைக் கட்டி மட்டும்தான் கிடக்கு, மொளியும் இல்லை ஒண்டும் இல்லை. அச்சு தேய்ஞ்சிருக்கோணும். ஊவாவுக்கு நமுனுகுல 2036 மீற்றர் எண்டு போட்டு பதுளைக்குக் கிட்ட நல்ல வடிவாத் தனியா நிக்குது, அதில குறை சொல்ல ஒண்டும் இல்லை. மேல் மாகாணம், வடமேல், தென் மாகாணம் மூண்டுக்கும் பேரை மட்டும் போட்டு உயரத்தை விட்டிட்டினம், இது சோம்பேறி வேலை, காசு வாங்கிற சாமானில இப்பிடிச் செய்யக்கூடாது.

வட மத்திய மாகாணத்துக்குத்தான் எனக்கு ஆகப் பிடிச்ச பெட்டி. ரிட்டிகல, 766 மீற்றர், அனுராதபுர மாவட்டம். படத்தில பாத்தா சமதரையில நுளம்பு கடிச்ச தடிப்பு மாதிரி ஒண்டு, அவ்வளவுதான், ஆனா கதை பெரிசு. மத்திய மலைநாட்டுக்கு வடக்கால, தென்னிந்தியா வரைக்கும் பாத்தா இடையில இதைவிட உயர்ந்தது கிடையாது. வவுனியாவால கொழும்புக்கோ கண்டிக்கோ போற பஸ்ஸில இடப்பக்க ஜன்னல் சீற் கிடைச்சா, மரதன்கடவலையைத் தாண்டேக்க தூரத்தில நீலமா ஒண்டு தெரியும், எங்கட பிள்ளையள் ரோட்டில போகேக்க முதன்முதலாக் காணுற உண்மையான மலை அதுதான், ஆனா ஆரும் இதுதான் ரிட்டிகல எண்டு சொல்லிக் குடுக்கிறேல்ல, அந்த நேரம் பஸ்ஸில படம் ஓடும் இல்லாட்டி எல்லாரும் நித்திரை. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகேக்க அதில ஒரு துண்டு விழுந்து வந்தது எண்டு கதை சொல்லுவினம். அந்தக் கதை சும்மா வந்திருக்காது எண்டுதான் நான் நினைக்கிறன், ஏனெண்டா அடிவாரத்தில எங்கட பக்கம் மாதிரி வறண்ட காடு, மேல போகப் போக முகில் தங்கி ஈரலிப்பாகி, மலைநாட்டில நிக்கிற மாதிரிச் செடி கொடியள் எல்லாம் நிக்குது, கீழ பாலையும் வீரையும் நிக்கிற காட்டுக்கு மேல அப்பிடி ஒரு பச்சையைக் கண்ட சனம் இது வேற எங்கயோ இருந்து வந்து விழுந்த மலை எண்டு சொல்லாமல் வேற என்னத்தைச் சொல்லும். 1941ல இருந்து அது கடுமையாப் பாதுகாக்கிற ஒதுக்கிடம், கீழ பழைய துறவியளின்ர மடத்து இடிபாடுகளைப் பாக்கலாம், உச்சிக்கு விடுறேல்ல. உயரம் எண்டா குளிர், உயரம் எண்டா மழை எண்டு பாடப்புத்தகத்தில ரெண்டு வரியில கிடக்கிறதைப் படிப்பிக்க இதைவிடக் கிட்ட ஒரு உதாரணம் எங்களுக்கு இல்லை, நுவரெலியாவுக்கு ஏன் போவான்.

கிழக்குக்கு கோணமலை எண்டு போட்டிருக்கினம். திருக்கோணேசர் இருக்கிற இடம், கடலுக்கு நேர செங்குத்தா நிக்கிற பாறை, பேர்போன இடம்தான், ஆனா மாகாணத்தில உயர்ந்தது எண்டு அதைப் போடுறது பகிடி. மட்டக்களப்புப் பக்கம் குடும்பிமலை நிக்குது, அதைக் கண்ட ஆரும் உந்தப் பெட்டியைப் பாத்துச் சிரிப்பினம். பேர் கேட்ட இடத்தை எடுத்துப் போட்டிருக்கினம், உயரம் பாத்துப் போடேல்ல.

இப்ப எங்கட பெட்டி. வட மாகாணம்: "குறிப்பிடத்தக்க மலைகள் இல்லை". அவ்வளவும்தான். படத்திலயும் ஆனையிறவில இருந்து வவுனியா தாண்டு மட்டும் பச்சைப் பிளாஸ்ரிக் வழுவழு எண்டு கிடக்கு. முதல்நாள் கடைசி வாங்கில இருக்கிற பெடியன் ஒருத்தன் கையை மேல இருந்து கீழ இழுத்துக்கொண்டு போய், "ரீச்சர், எங்கட இடம் வந்தா கை வழுக்கிக்கொண்டு போகுது" எண்டான், வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

அச்சில ஒண்டும் முட்டேல்ல எண்டதுக்கு நான் குறை சொல்ல மாட்டன், ஏனெண்டா இந்தப் படத்தின்ர கணக்குக்கு 100 மீற்றர் உயரம் 1 மில்லிமீற்றர் கூட வராது, பிளாஸ்ரிக்கின்ர தடிப்புக்கையே அது போயிடும். நான் குறை சொல்லுறது பெட்டியில அடிச்சிருக்கிற வசனத்துக்கு. மாகாணத்தில உயர்ந்த இடம் எது எண்டு கேட்டா, இல்லை எண்டு ஒரு பதில் இருக்கேலாது. மேசையைப் போல ஒரு இடத்தைக் காட்டினாலும் அதில ஒரு முனை மற்றதைவிட உயர்ந்துதான் இருக்கும். வடக்கில மலை எண்டு சனம் சொல்லுற இடங்கள் இல்லையோ, குமுளமுனைப் பக்கம் தண்ணிமுறிப்புக்குக் கிட்ட குருந்தூர்மலை, வவுனியா வடக்கில ஒலுமடுவுக்கு அங்கால காட்டுக்க வெடுக்குநாறிமலை, ரெண்டும் உயரத்தில சின்னன்தான், ஆனா ரெண்டும் மலை எண்ட பேரோடதான் நிக்குது, ரெண்டின்ர பேரும் மாசம் தவறாமல் பேப்பரில வந்துகொண்டுதான் இருக்கு. 2024 சிவராத்திரிக்கு வெடுக்குநாறியில ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போய் வழக்குப் போட்டது நாட்டுக்கே தெரியும். நீதிமன்றம் வரைக்கும் போற மலை சார்ட்டில குறிப்பிடத்தக்கதாத் தெரியேல்ல எண்டா நான் என்னத்தைச் சொல்ல.

அதைவிடப் பெரிய விசயம் ஆறு. வன்னி தட்டை எண்டு சொல்லுறாக்களிட்டை நான் கேக்கிற கேள்வி, அப்ப தண்ணி ஏன் மூண்டு பக்கமும் ஓடுது? இதே படத்தில நீலக் கோடுகளைப் பாருங்கோ, அதை மட்டும் சரியாத்தான் கீறியிருக்கினம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் இருந்து வெளிக்கிட்டு வடக்கால வந்து இரணைமடுவில விழுந்து, அங்கால சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகுது. பாலியாறு மேற்கால போகுது, அதை மறிச்சுத்தான் வவுனிக்குளம். பேராறு கிழக்கால, அதில முத்தையன்கட்டு. ஒரே நிலத்தில இருந்து ஒண்டு வடக்க, ஒண்டு மேற்க, ஒண்டு கிழக்க ஓடுது எண்டா நடுவில ஒரு முதுகு இருக்கோணும், கண்ணுக்குத் தெரியாத முதுகு, மாங்குளத்துக்குத் தெற்கால ரோட்டு மெல்ல ஏறி இறங்கிறதைச் சைக்கிள் மிதிக்கிறவன் அறிவான், பஸ்ஸில நித்திரை கொள்ளுறவன் அறியான். அந்தக் காலத்தில குளம் கட்டினவைக்கு இந்தச் சார்ட் இருக்கேல்ல, ஆனா எந்த இடம் ஒரு முழம் உயரம், எந்த இடம் ஒரு முழம் பள்ளம் எண்டு தெரிஞ்சபடியாத்தான் கட்டின குளத்துக்குத் தண்ணி வந்தது. வடிவாப் பாத்தா பீதுருதாலகாலயைவிட எங்களுக்குச் சோறு போடுற உயரம் அதுதான். நான் பிள்ளையளைக் கொண்டு நீலக் கோடுகள் பிரியிற இடத்தில கறுப்பு மாக்கரால புள்ளி புள்ளியாக் கீறுவிச்சு வச்சிருக்கிறன், இப்ப அந்தப் பக்கம் கை வழுக்கினாலும் கண்ணுக்கு ஒண்டு இருக்கு.

சரி, கூடத் தந்த தாள். இதைப் பற்றி நான் பெரிசா எதிர்பாக்கேல்ல, ஆனா வீட்டில ஆகக் கூடப் பாவிச்சது இதைத்தான். ஏனெண்டா எங்கட ஊரில வெளிநாட்டில ஒரு ஆள் இல்லாத வீடு எது. பிள்ளையள் ஒவ்வொருத்தரும் தங்கட மாமா இருக்கிற நாடு, சித்தி இருக்கிற நாடு எண்டு தேடத் தொடங்கிட்டினம். நோர்வேயில சித்தப்பா இருக்கிற பெட்டை ஒருத்தி அங்க எல்லாம் மலை, பனி எண்டு பெருமையாச் சொல்லிக்கொண்டிருந்தவள், தாளைப் பாத்தா அங்கத்தை ஆக உயர்ந்த கால்ஹோபிக்கன் 2469 மீற்றர், எங்கட பீதுருதாலகால அதைவிட 55 மீற்றர் கூட. அவள் நம்பேல்ல, அண்டைக்கே வீடியோ கோல் எடுத்துக் கேட்டு, அவரும் தேடிப் பாத்திட்டு ஓம் எண்டவர், அதோட கிளிட்டர்டின் எண்டு இன்னொரு மலைதான் பெரிசு எண்டு முந்திச் சண்டை பிடிச்சவையாம், உச்சியில கிடந்த ஐஸையும் சேத்து அளந்தா அது கூடவாம், இப்ப ஐஸ் உருகிக் குறைஞ்சதோட சண்டை முடிஞ்சுதாம் எண்டும் சொல்லியிருக்கிறார், எனக்கே புது விசயம். அவுஸ்திரேலியாவும் அப்பிடித்தான், நியூ சவுத் வேல்ஸில நிக்கிற கொசியஸ்கோ 2228, அந்தப் பெரிய நாட்டு நிலத்தில அதுதான் உச்சி, எங்கட சிவனொளிபாதமலையைவிட 15 மீற்றர் குறைவு. அப்ப மெல்பேர்ணில இருக்கிறவை விக்ரோறியா மாநிலத்தைப் பாத்தா பொகொங் 1986, நமுனுகுலையைவிடக் குறைவு.

கனடாவைத்தான் கேக்கோணும். நாடு எண்டு பாத்தா யூகொன் பக்கத்தில லோகன் மலை 5959 மீற்றர், ஆனா எங்கட சனம் முழுக்க இருக்கிறது ரொறன்ரோவில, அது ஒன்ராறியோ மாகாணம், அதில ஆக உயர்ந்த இடம் இஷ்பட்டினா மேடு 693 மீற்றர். ரிட்டிகலயைவிடக் குறைவு! இலங்கையைப் போல பல மடங்கு பெரிய மாகாணத்தில, எங்கட ஏ9 பஸ்ஸில தெரியிற மலை அளவுக்கும் ஒண்டு இல்லை. ஸ்கார்பரோவில இருக்கிற என்ர மச்சாளுக்கு இதைச் சொல்ல, "இங்கத்தை எங்கட ஆக்கள் மலையை அளக்காயினம், ஸ்னோவை அள்ளித்தான் முறியினம்" எண்டாள். சுவிஸைக் கன்ரன் கன்ரனாப் பிரிச்சிருக்கினம், வலே கன்ரனில டுஃபூர்ஸ்பிட்ஸ 4634, சூரிச் கன்ரனில ஷ்னேபல்ஹோர்ன் 1292, ஜெனீவாக் கன்ரனில 516 மீற்றர் மட்டும்தான். சுவிஸ் எண்டாலே மலை எண்டு நினைக்கிற பிள்ளையளுக்கு ஜெனீவாவில இருக்கிற ஆள் ரிட்டிகல அளவுக்குக்கூட ஏறக் கன்ரனை விட்டு வெளிய போகோணும் எண்டது பெரிய அதிசயமாப் போச்சு. நெதர்லாந்து 322 மீற்றர். டென்மார்க் 171, மொல்லஹொய் எண்டு ஒரு மேடு, 2005ல திருப்பி அளந்துதான் அதுதான் உயர்ந்தது எண்டு முடிவு பண்ணினவை, அதுக்கு முன்னம் வேற மேடுகளுக்கு அந்தப் பேர் இருந்தது.

இதிலதான் எனக்குக் கோவம் வந்தது. டென்மார்க்காரன்ர 171 மீற்றர் மேட்டுக்கு, தசம தானத்தில வித்தியாசம் பாத்து அளந்த மேட்டுக்கு, இந்தத் தாளில ஒரு வரி இருக்கு, பேர் இருக்கு, உயரம் இருக்கு. அதே ஆக்கள் முன்னால எங்கட மாகாணத்துக்கு "இல்லை" எண்டு அடிச்சு விடுறினம். குட்டை எண்டு அவன் தன்ர மேட்டை விடேல்ல, எங்களுக்காக ஆரும் அளவுநாடா எடுக்கேல்ல, அவ்வளவும்தான் வித்தியாசம்.

தாளிலயும் பிழை இருக்கு, படிப்பிக்கிறாக்கள் திருத்திப்போட்டுக் குடுங்கோ. பிரித்தானியாவுக்கு ஸ்கொட்லாந்தில பென் நெவிஸ் 1344 எண்டு போட்டிருக்கினம், 2016ல திருப்பி அளந்து 1345 ஆக்கிட்டினம், பழைய புத்தகத்தில இருந்து எடுத்திருக்கினம் எண்டு தெரியுது. மற்ற மூண்டும் சரி, வேல்ஸில ஸ்னோடன் 1085, இங்கிலாந்தில ஸ்காஃபெல் பைக் 978, வட அயர்லாந்தில ஸ்லீவ் டொனார்ட் 850. லண்டனில இருக்கிற எங்கட பெடியள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காசு சேக்க வெளிக்கிட்டு 24 மணித்தியாலத்தில மூண்டு மலை ஏறுறம் எண்டு போட்டோ போடுவினமே, அது இதில முதல் மூண்டும்தான். இந்தியாவில இன்னும் பெரிய பிழை, தொட்டபெட்டா 2637 எண்டு தமிழ்நாட்டுக்குப் போட்டது சரி, அதுக்குப் பக்கத்தில தென்னிந்தியாவில உயர்ந்தது எண்டும் எழுதி வச்சிருக்கினம், அது கேரளாவில நிக்கிற ஆனைமுடி, 2695 மீற்றர். ரெண்டு வரி தள்ளி அதே தாளில ஆனைமுடி 2695 எண்டு அடிச்சும் கிடக்கு, தாங்கள் அடிச்சதையே தாங்கள் வாசிக்கேல்ல.

சாமான் எவ்வளவு காலம் நிக்கும் எண்டு கேப்பியள். மூலையளில கம்பி வளையம் போட்டது நல்லது, ஆணியில கொழுவலாம். ஆனா என்ர ரியூசன் கொட்டில் தகரக் கூரை, ஆவணி வெயிலில மத்தியானம் அந்தச் சுவரில கை வைக்கேலாது, கொழுவி வச்ச படம் மேல் விளிம்பால சுருண்டு முன்னுக்கு வளைஞ்சு வந்திட்டு, யாழ்ப்பாணம் எங்களை எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டது. இப்ப ஒரு பிளைவூட் பலகையில நாலு பக்கமும் சின்ன ஸ்குரூ அடிச்சு இறுக்கி, வகுப்பு முடிய வீட்டுக்குள்ள கொண்டு போய் வைக்கிறம். பெயின்ற்றும் பரவாயில்லை, பிள்ளையள் அத்தினை பேரும் தடவியும் மலை உச்சியளிலதான் கொஞ்சம் உரிஞ்சிருக்கு. மழைக்காலத்தில எப்பிடி எண்டா, ஈரத்துக்கு இதுக்கு ஒண்டும் செய்யாது, துடைச்சா சரி. எழுத்துத்தான் சின்னன், பின் வாங்கில இருக்கிற பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது, மேசையில வச்சுச் சுத்தி நிண்டு பாக்கிற சாமான் இது, சுவரில கொழுவிப் படிப்பிக்கிற சாமான் இல்லை.

தரம் 10, 11 பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கோ ரியூசனுக்கோ எண்டா வாங்கலாம், மலைநாட்டைத் தடவிப் பாக்க எங்கட பக்கம் வேற ஒண்டும் இல்லை. சின்னப் பிள்ளையளுக்கு எண்டு வாங்காதேங்கோ, அதுகள் அமத்திச் சப்பளிச்சுப்போடும். அஞ்சில மூண்டு குடுப்பன், வட மாகாணப் பெட்டியில ஒரு பேரை அடிச்சிருந்தா நாலு. கடைக்காரத் தம்பியிட்டை பிழையள் எல்லாத்தையும் ஒரு தாளில எழுதிக் குடுத்தனான், அனுப்பிறன் அக்கா எண்டு வாங்கி மேசை லாச்சிக்குள்ள வச்சவர், பொறுமையான பெடியன். வாங்கப் போறவை அடுக்கில மேல கிடக்கிறதைக் கேட்டு எடுங்கோ, மட்டையைக் கட்ட முன்னம் நுவரெலியாப் பக்கத்தையும் ஹோட்டன் சமவெளிப் பக்கத்தையும் விரலால ஒருக்காத் தடவிப் பாருங்கோ, அடியில கிடக்கிறதுகளில சிவனொளிபாதமலை சரிஞ்சு போய்க் கிடக்கு, அதை எந்தக் கரண்டிக் காம்பாலயும் நிமித்தேலாது.